இரண்டு தறி ஓடும் வீட்டுக் காது: இன்றைய மேற்கத்திய இசை, சேர்ந்திசை, பின்னணி இசை பற்றிச் சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டு மாடி அறையில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் கூடுகிறோம். பாய் விரித்திருக்கும், இரண்டு நல்ல ஸ்பீக்கர் இருக்கும், நடுவில் சுக்குக் காபி வரும். கேட்பது பெரும்பாலும் நம் காலத்து மேற்கத்திய இசையமைப்பாளர்களை. கூடவே சேர்ந்திசை என்கிற பாடகர் குழு இசை, படங்களின் பின்னணி இசை. புதிதாக வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றுபோலவே இருப்பதால் என் பதில்களை எழுதி வைத்தேன். இசைக் கல்லூரியில் படித்தவன் அல்ல நான். முப்பது வருஷமாகக் கேட்கிறவன்.

இந்த இசைக்கும் சேலத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்னும் நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய அந்த ஸ்டுடியோவிலிருந்து நூறு படங்களுக்கு மேல் வந்தன. 1950இல் 'மந்திரி குமாரி'க்கு ஜி. ராமநாதன் இசை. தமிழின் முதல் முழு நீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் இங்கிருந்துதான் போனது. அறுபதுகளில் அவர்கள் எடுத்த துப்பறியும் படங்களுக்கு வேதா இசையமைத்தார். கிடாரும் டிரம்பெட்டும் அவர் வழியாகத்தான் எங்கள் தெரு டீக்கடை ரேடியோவுக்கு வந்தன. ஆக, மேற்கத்திய வாத்தியச் சத்தம் இந்த ஊருக்குப் புதிதல்ல.

இன்னொரு சம்பந்தமும் உண்டு. அது சினிமாவைவிடப் பழையது, தறி. அதைக் கீழே சொல்கிறேன்.

எனக்கு ராகமும் தெரியாது, நோட்டும் தெரியாது. கேட்கலாமா?

தாராளமாக. இன்று உலகமெங்கும் பாடகர் குழுக்கள் பாடும் பாட்டுகளை எழுதிய அமெரிக்கர் எரிக் விட்டேகர், 1970இல் பிறந்தவர், கல்லூரிப் பாடகர் குழுவில் சேரும்போது நோட்டு படிக்கத் தெரியாதவர். இறந்தவர்களுக்கான பிரார்த்தனை இசையான மொசார்ட்டின் ரெக்வியத்தை மற்றவர்களோடு நின்று பாடிய பிறகுதான் அவர் வாழ்க்கை இந்தப் பக்கம் திரும்பியது.

எதில் தொடங்குவது?

ஆர்வோ பேர்ட் எழுதிய 'ஷ்பீகல் இம் ஷ்பீகல்'. பெயருக்கு 'கண்ணாடிக்குள் கண்ணாடி' என்று அர்த்தம். ஒரு வயலின், ஒரு பியானோ, சுமார் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

பேர்ட் எஸ்தோனியா நாட்டுக்காரர், 1935இல் பிறந்தவர். சோவியத் ஆட்சிக் காலத்தில் இளைஞராக இருந்தபோது மிகக் கடினமான நவீன இசை எழுதினார். 1968க்குப் பிறகு ஏறக்குறைய எட்டு வருஷம் பெரிதாக ஒன்றும் வெளியிடாமல், பழைய தேவாலயப் பாடல் முறைகளை உட்கார்ந்து படித்தார். 1976இல் புதிய முறையோடு வெளியே வந்தார். அதற்குச் 'சிறு மணிகள்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லைப் பெயராக வைத்தார். விதி ரொம்ப எளிது. ஒரு குரல் ஸ்வர வரிசையில் படிப்படியாக நடக்கும். இன்னொரு குரல் ஸ, க, ப ஆகிய மூன்று ஸ்வரத்துக்குள்ளேயே நின்று ஒலிக்கும். சுருதிப் பெட்டியின் பக்கத்தில் வளர்ந்த நமக்கு இந்த இரண்டாவது குரல் என்ன செய்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

1978இல் எழுதிய இந்தப் படைப்பில் பியானோ அந்த மூன்று ஸ்வரங்களை மெல்ல மெல்ல உதிர்த்துக்கொண்டே இருக்கும். வயலின் முதலில் இரண்டே ஸ்வரம் வாசிக்கும். அடுத்து அதன் கண்ணாடிப் பிம்பம்போல் எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு. பிறகு மூன்று, நான்கு என்று ஒவ்வொன்றாக நீளும். எவ்வளவு தூரம் போனாலும் ஒவ்வொரு முறையும் அதே காந்தாரத்துக்கு வந்து நிற்கும். முதல் முறை கேட்கும்போது 'அந்தக் காந்தாரம் எப்போது வரும்' என்பதை மட்டும் கவனியுங்கள். நான்காவது, ஐந்தாவது வாக்கியத்தில் உங்கள் மூச்சு தானாக அதற்காகக் காத்திருக்கும்.

ஒரே நாளில் பத்துப் படைப்பு கேட்பதைவிட இதையே ஒரு வாரம், தினமும் ஒரு தடவை கேட்பது மேல். என் அனுபவத்தில் மூன்றாவது நாள்தான் பியானோவின் அடிக்குரல் காதில் விழத் தொடங்கும்.

"ஏனுங்க, இது ஊசி மாட்டிக்கிட்ட ரெக்கார்டாட்டமே இருக்குதுங்களே?"

இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணன், அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக்கின் இசையைக் கேட்டுவிட்டு இப்படிக் கேட்டார். நல்ல கேள்வி, ஏனென்றால் அந்த இசை பிறந்ததே கிட்டத்தட்ட அப்படித்தான். ரைக், சான் பிரான்சிஸ்கோ தெருவில் ஒருவர் பிரசங்கம் செய்வதை ஒலிப்பதிவு செய்து, 1965இல் அதில் ஒரு துண்டை இரண்டு டேப் ரெக்கார்டரில் ஒரே நேரத்தில் ஓடவிட்டார். இரண்டும் ஒரே வேகத்தில் ஓட வேண்டியவை. ஆனால் எந்த இரண்டு இயந்திரமும் முழுக்க ஒன்றல்ல, ஒன்று இம்மி பின்தங்கியது. இரண்டு குரலும் மெல்ல விலகின. அந்த விலகலில் யாரும் எழுதாத புதுத் தாளங்கள் பிறந்தன.

நான் அம்மாபேட்டைப் பக்கம் வளர்ந்தவன். எங்கள் வீட்டுக்கு அடுத்து இரண்டு விசைத்தறி. ராத்திரி பாயில் படுத்தால் முதலில் இரண்டும் 'சடக் சடக்' என்று ஒன்றாக அடிக்கும். கொஞ்ச நேரத்தில் ஒன்று பின்னால் போய் 'சடசடக் சடசடக்' ஆகும். அப்புறம் இரண்டுக்கும் நட்டநடுவில் மூன்றாவதாக ஒரு தாளம் கேட்கும், அதை எந்தத் தறியும் அடிக்கவில்லை. மறுபடி இரண்டும் ஒன்று சேரும்போதுதான் எனக்குத் தூக்கம் வரும். இருபது வருஷம் கழித்து ரைக்கை முதல்முறை கேட்டபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என் ராத்திரியை யாரோ எழுதி வைத்திருந்தார்கள். குகை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம் என்று எந்தப் பக்கத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் இந்தக் காது உண்டு.

கையாலேயே செய்து பார்க்கலாம். ரைக்கின் 'கைத்தட்டல் இசை' 1972இல் எழுதியது. வாத்தியமே வேண்டாம், இரண்டு பேர் போதும். மூன்று தட்டு, ஒரு விடுப்பு. இரண்டு தட்டு, விடுப்பு. ஒரு தட்டு, விடுப்பு. இரண்டு தட்டு, விடுப்பு. மொத்தம் 12 எண்ணிக்கை. ஒருவர் கடைசிவரை இதை மாற்றாமல் தட்ட வேண்டும். இன்னொருவர் சில சுற்றுக்கு ஒருமுறை ஓர் எண்ணிக்கை முன்னால் நகர வேண்டும். 12 முறை நகர்ந்தால் இருவரும் மறுபடி ஒன்றாக இருப்பார்கள். மிருதங்கம் கற்ற பிள்ளைகளும் இதில் ஆரம்பத்தில் தடுமாறுகிறார்கள். பக்கத்தில் இருப்பவரின் தட்டு இழுக்கும். இழுபடாமல் நிற்பதோடு அதைக் கேட்கவும் வேண்டும்.

நான் இந்த மாடியில் எல்லோரிடமும் சொல்வது இதைத்தான். நம் இசை ஒரு குரலின் பின்னால் ஆழமாகப் போகக் கற்றுக்கொடுத்திருக்கிறது. இந்த இசைக்கு இரண்டு குரலை ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். அது பழக்கம்தான், படிப்பு அல்ல.

சில படைப்புகள் அபஸ்வரமாகக் கேட்கின்றன. வேண்டுமென்றே செய்கிறார்களா?

வேண்டுமென்றேதான். பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களை நம் பாடகர் கமகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக உரசிக் காட்டுகிறார். இவர்கள் அவற்றைச் சேர்ந்தாற்போல் ஒலிக்க விடுகிறார்கள். அந்த உரசல் இளகி இணக்கமாகும் இடத்துக்காகவே விட்டேகரின் பாட்டுகளைக் கேட்கலாம்.

ஹங்கேரிய இசையமைப்பாளர் லிகெட்டி இன்னும் ஒரு படி போனார். 1966இல் அவர் எழுதிய 'லுக்ஸ் ஏடெர்னா' 16 குரல்களுக்கானது. ஒவ்வொரு குரலும் தன் வழியில் நகரும், ஆனால் எந்தக் குரலையும் தனியாகப் பிரித்துக் கேட்க முடியாது. 1968இல் ஸ்டான்லி குப்ரிக் தன் விண்வெளிப் படத்தில் அதைப் பயன்படுத்தினார். முதலில் பயமாக இருந்தது என்றார் ஓர் அக்கா. ஆடிப் பண்டிகையில் கோட்டை மாரியம்மன் கோயில் முன்னால் ஐம்பது அறுபது பெண்கள் ஒன்றாகக் குலவையிடும்போது மெட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மறுபடி போடச் சொன்னார்.

எல்லாருக்கும் இது பிடிக்க வேண்டும் என்றில்லை. லிகெட்டி பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், பேர்ட்டிடம் திரும்பி வாருங்கள்.

முன்னால் நின்று கையசைக்கிறாரே நடத்துநர், அவர் இல்லாமல் வாசிக்க முடியாதா?

சின்னக் குழு வாசித்துவிடும். எண்பது பேர் என்றால் கஷ்டம். நம் கச்சேரியில் தாளம் போடும் கை பாட்டோடு சேர்ந்து விழும். நடத்துநரின் கை பாட்டுக்கு ஒரு கணம் முன்னால் போகும். கையை அவர் மேலே தூக்குவதுதான் எல்லோருக்குமான மூச்சு. அந்த மூச்சின் வேகமும் கனமும் அடுத்து வரும் ஒலியைத் தீர்மானித்துவிடும். பொதுவாக வலது கை காலத்தைக் காட்டும், இடது கை யார் நுழைய வேண்டும், யார் அடங்க வேண்டும் என்று சொல்லும். மேடையில் நாம் பார்ப்பது கடைசிப் பகுதி மட்டுமே. பெரும்பாலான வேலை ஒத்திகையில் நடந்து முடிந்திருக்கும்.

1936இல் பம்பாயில் பிறந்த ஜுபின் மேத்தாவின் ஒத்திகைக் காணொளிகளைத் தேடிப் பாருங்கள். வியன்னாவில் படித்தவர், லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுக்களைப் பல வருஷம் தலைமையேற்று நடத்தியவர். எழுபதுகளின் கடைசியில் ஜான் வில்லியம்ஸின் 'ஸ்டார் வார்ஸ்' இசையை லாஸ் ஏஞ்சல்ஸ் குழுவோடு ஒலிப்பதிவு செய்தார். சினிமா இசையை மேடைக்காரர்கள் தொடமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

பெண்கள் இந்த இடத்துக்கு வரத் தாமதமானது. மரின் ஆல்சப் 2007இல் பால்டிமோர் குழுவின் தலைமைக்கு வந்தபோதுதான் அமெரிக்காவின் பெரிய குழு ஒன்றை முதல்முறையாக ஒரு பெண் வழிநடத்தினார். நம் ஊர்த் தேவாலயங்களில் டீச்சர்களும் அக்காக்களும் எத்தனையோ காலமாகப் பாடகர் குழு நடத்துகிறார்கள்.

இளையராஜாவே போதாதா?

போதும் என்று சொல்கிறவரோடு நான் சண்டை போடமாட்டேன். ஆனால் அவரை முழுதாகக் கேட்டிருக்கிறீர்களா என்று கேட்பேன்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். உங்களுக்கு மனப்பாடமான எண்பதுகளின் ராஜா பாட்டு ஒன்றை எடுங்கள். பாடுகிறவரை விட்டுவிடுங்கள், வரிகளை விட்டுவிடுங்கள். பேஸ் கிடார் போகும் வழியை மட்டும் பாட்டு முடியும்வரை பின்தொடருங்கள். அது தாளத்துக்குத் துணையாக நிற்பதோடு நின்றுவிடாது, கீழே தனியாக ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு போகும். மேலே ஒரு மெட்டு, கீழே ஒரு மெட்டு, இரண்டும் ஒன்றையொன்று மதித்து விலகியும் சேர்ந்தும் போகின்றன. ஐரோப்பாவில் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் செய்தது இதைத்தான். பண்ணைப்புரத்தில் பிறந்து, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர், 1976இல் 'அன்னக்கிளி'யோடு தொடங்கி, அதை நம் வீட்டுச் சமையலறை வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்.

1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்?' தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் அவர் காணிக்கையாக்கினார். தனி வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். அதைக் கேட்ட கையோடு, நரசிம்மன் பின்னாளில் அமைத்த மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட்டையும் கேளுங்கள். கர்நாடகக் கீர்த்தனைகள் நான்கு வில் வாத்தியங்களில் அடுக்கடுக்காக விரியும். 2005இல் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு 'திருவாசகம்'. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. அந்த வாரம் நாங்கள் கூடியபோது வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

வெளிநாட்டுப் பட இசையில், ஜான் வில்லியம்ஸ் 1975இல் சுறா படத்துக்குப் பக்கத்துப் பக்கத்து இரண்டே ஸ்வரத்தில் என்ன செய்தார் என்று கேளுங்கள். 'இன்டர்ஸ்டெல்லர்' படத்துக்கு ஹான்ஸ் ஸிம்மர் லண்டன் டெம்பிள் சர்ச்சின் குழாய் ஆர்கனைப் பயன்படுத்தினார். காற்றால் ஒலிக்கும் வாத்தியம் அது, மூச்சே இல்லாத விண்வெளிக்குப் பொருத்தமான தேர்வு. ஆனாலும் என் கருத்து, பட இசைத் தொகுப்புகளில் பாதி படத்தை விட்டுத் தனியாக நிற்காது. அதில் குறையொன்றும் இல்லை, அவை படத்துக்காகப் பிறந்தவை.

சேர்ந்திசை தேவாலயத்துக்கு மட்டும் உரியதா?

இல்லை. தமிழில் அந்தச் சொல்லைச் சொன்னாலே நினைவுக்கு வருகிறவர் எம். பி. சீனிவாசன். மெட்ராஸ் யூத் கொயரை உருவாக்கி, பாரதி பாட்டுகளைப் பல குரல்களில் பாட வைத்தவர். 1988இல் மறைந்தார்.

சேலத்தில் பழகிய காதுகள் தேவாலயத்தில்தான் அதிகம் என்பதும் உண்மை. சொப்ரானோ, ஆல்டோ (பெண்களின் மேல், கீழ்க் குரல்கள்), டெனர், பாஸ் (ஆண்களின் மேல், கீழ்க் குரல்கள்) என்று நான்காகப் பிரிந்து, டோ-ரே-மீ எழுத்துகளை வைத்தே பெரிய பாடல்களைக் கற்றுவிடுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் அடுக்குகளை முதலில் பிடித்துச் சொல்வது எப்போதும் ஓர் ஆல்டோ அக்காதான். நடுக்குரல் பாடியே பழகியவருக்கு நடுவில் நடப்பது தப்பாது.

பேர்ட்டின் எஸ்தோனியாவையும் சொல்ல வேண்டும். அந்த நாட்டின் மக்கள்தொகை சுமார் 13 லட்சம். 2011 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டமே 34.8 லட்சம். அந்தச் சின்ன நாட்டில் 1869இலிருந்து பெரும் பாட்டுத் திருவிழாக்கள் நடக்கின்றன. 1988இல் தடை செய்யப்பட்ட பாட்டுகளைக் கூட்டம் கூட்டமாக நின்று பாடினார்கள், 1991இல் சுதந்திரம் பெற்றார்கள். அந்தப் போராட்டத்துக்கே 'பாடும் புரட்சி' என்று பெயர்.

மொழி புரியவில்லையே?

கேட்கும் முன் அர்த்தத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள், அது போதும். போலந்து நாட்டு கோரெட்ஸ்கியின் மூன்றாவது சிம்பொனி 1976இல் எழுதப்பட்டது. அதன் இரண்டாம் பகுதியின் வரிகள், ஜெர்மானிய ரகசியப் போலீஸ் சிறையின் சுவரில் 18 வயதுப் பெண் ஒருத்தி கீறி வைத்தவை. அம்மாவை அழ வேண்டாம் என்கிறாள், மாதாவிடம் துணை கேட்கிறாள். இது தெரிந்தபின் போலிஷ் மொழி தடையாக இருக்காது. 1992இல் வெளியான ஒலிப்பதிவு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸின் 'சத்யாகிரஹா' என்ற ஓபரா, அதாவது இசை நாடகம், 1980இல் அரங்கேறியது. காந்தியின் தென்னாப்பிரிக்க நாட்கள்தான் கதை. பாடப்படுவது பகவத் கீதையின் சம்ஸ்கிருதம். கிளாஸ் இளைஞராகப் பாரிஸில் ரவிசங்கரின் இசையை நோட்டு எழுதிக் கொடுக்கும் வேலை பார்த்தவர். கடைசி அங்கம் 1913ஆம் வருஷ நடைப்பயணம். அந்தப் போராட்டத்தில் சிறை போய், அடுத்த வருஷமே இறந்துபோன தில்லையாடி வள்ளியம்மையை நினைக்காமல் அந்த அங்கத்தை என்னால் கேட்க முடிவதில்லை.

போன் ஸ்பீக்கர் போதுமா?

போதாது. கோரெட்ஸ்கி சிம்பொனி டபுள் பேஸ்களின் அடிக்குரலில் தொடங்குகிறது. அந்த வாத்தியத்தின் கடைசித் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் அது வராது, முதல் நிமிஷங்களில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடுவீர்கள். சாதாரண ஹெட்போன் போதும். ஆரம்பத்தில் மெதுவாக இருக்கிறதே என்று ஒலியைக் கூட்டிவிடாதீர்கள், பின்னால் காதை அடைக்கும்.

நேரில் எங்கே கேட்கலாம்?

சென்னைதான் பக்கம். 1893இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் பாடகர் குழு இருக்கிறது, ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே. எம். மியூசிக் கன்சர்வேட்டரி மாணவர் நிகழ்ச்சிகள் இருக்கின்றன. நிகழ்ச்சி முடிந்து ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸைப் பிடித்தால் விடியும்போது வீடு. முழு ஆர்கெஸ்ட்ரா என்றால் மும்பை. 2006இல் அமைந்த சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா அங்கேதான்.

நம் சபாவில் மனசுக்குப் பட்ட இடத்தில் கைதட்டலாம். இங்கே ஒரு படைப்பின் பகுதிகளுக்கு நடுவில் தட்டுவதில்லை. சந்தேகமாக இருந்தால் நடத்துநரின் கை இறங்கட்டும்.

ஏற்காட்டுக்குப் போகும்போது எதைக் கேட்பது?

இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஒன்றும் கேட்காதீர்கள், தலை சுற்றும். மேலே போய், மூட்டம் இறங்குகிற நேரத்தில், பகோடா பாயின்டிலோ ஏதாவது காபித் தோட்டத்து ஓரத்திலோ உட்கார்ந்து பேர்ட்டின் 'கான்டஸ்' கேளுங்கள். ஆங்கில இசையமைப்பாளர் பிரிட்டன் 1976 டிசம்பரில் இறந்தபின், அவர் நினைவாக 1977இல் எழுதியது. வில் வாத்தியங்கள், ஒரே ஒரு மணி. நம் நடபைரவியின் ஸ்வரங்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றன, அவ்வளவுதான். ஆனால் முதல் வயலின் ஒரு காலத்தில் இறங்க, இரண்டாவது அதில் பாதி வேகத்தில், அடுத்தது அதிலும் பாதி என்று ஐந்து அடுக்கு. பல்லவியை நம் வித்வான்கள் மூன்று காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடிக் காட்டுவார்கள் அல்லவா? இங்கே எல்லாக் காலமும் சேர்ந்தே ஓடுகின்றன. முடிவில் வில்கள் உச்சச் சத்தத்தில் இருக்கும்போது மணியை மெல்லத் தட்டுகிறார்கள், அது நமக்குக் கேட்காது. வில்கள் நின்றதும் மணியின் நாதம் மட்டும் வெளியே வருகிறது.

கேட்பதோடு நிற்காமல் பாடிப் பார்க்க ஆசை. எங்கே தொடங்கலாம்?

மோகனத்தில் தொடங்குங்கள். ஸ, ரி, க, ப, த ஆகிய ஐந்து ஸ்வரத்தில் ஒன்றுக்கொன்று அரைஸ்வர இடைவெளி எங்கும் இல்லை. அதனால் இரண்டு குழு வெவ்வேறு இடத்தில் பாடினாலும் பெரிதாக உரசாது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு மோகன மெட்டை எடுத்து, முதல் குழு ஒரு வரி முடித்ததும் இரண்டாம் குழு முதலிலிருந்து தொடங்கட்டும். மூன்று பேர் மட்டும் ஸ-ப பிடித்து நிற்கட்டும். போன மாதம் எங்கள் மாடியில் செய்தோம். அந்த இரும்பாலை அண்ணன் கீழ் ஸட்ஜத்தைப் பிடித்தார். இரண்டாம் குழு இரண்டு முறை முதல் குழுவோடு ஒட்டிக்கொண்டது. மூன்றாவது முறை ஆல்டோ அக்கா அவர்கள் பக்கம் போய் நின்றார், கடைசி வரைக்கும் பிரிந்தே போனார்கள்.